மார்ச் மாத ஜி.எஸ்.டி. கட்ட ஏப்ரல் 20 கடைசி, படகு நிற்பது 15-ம் தேதி: தாமதமானால் வட்டி எவ்வளவு, லேட் ஃபீ எவ்வளவு?

மண்டபம்_ஐஸ் | ஏப்ரல் 9, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். மண்டபத்தில் மாமாவின் ஐஸ் பிளாண்டுக்கு நான்தான் கணக்குப் பார்க்கிறேன். மார்ச் மாதம் வியாபாரம் நன்றாகவே ஓடியது. சுமார் 9 லட்சம் ரூபாய்க்கு ஐஸ் போயிருக்கிறது. ஆனால் அதில் பாதிக்கு மேல் பற்று. படகு நம்பர் போட்டு எழுதிய நோட்டுதான் நிறைந்திருக்கிறது, கல்லாவில் காசு இல்லை.

ஐஸுக்கு 5 சதவீதம், அதாவது 45,000 ரூபாய் வரி. அமோனியா, ஆயில், உதிரிபாகம் வாங்கியதில் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது) 3,000-தான் தேறியது. எங்களுக்கு ஆகும் பெரிய செலவே கரண்ட் பில்தான், அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதால் அதில் வரவும் கிடையாது. ஆக 42,000 ரூபாயைப் பணமாகவே கட்ட வேண்டும். 15-ம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. பற்றுக் காசு வந்து சேர ஜூன் ஆகிவிடும். கையில் இப்போது 25,000 இருக்கிறது.

இரண்டு கேள்வி. ஒன்று, ஜூனில் சேர்த்துக் கட்டினால் எவ்வளவு கூடுதலாகப் போகும்? இரண்டு, 2022-23-ல் சில மாதம் தாமதமாகக் கட்டியதற்கு வட்டி கேட்டு இப்போது நோட்டீஸ் வந்திருக்கிறது. அப்போது லேட் ஃபீ கட்டித்தானே தாக்கல் செய்தோம், மறுபடியும் ஏன் கேட்கிறார்கள்?

தொண்டி_கருவாடு | ஏப்ரல் 9, இரவு 10:15

தம்பி, இதற்கு இவ்வளவு கவலை வேண்டாம். அரசாங்க வட்டி வருடத்துக்கு 18 சதவீதம். வெளியில் மூன்று வட்டிக்கு வாங்கினால் வருடத்துக்கு 36. எது மலிவு என்று நீங்களே பாருங்கள். கையில் இருக்கிற 25,000-ஐ கரண்ட் பில்லுக்கும் ஆள் சம்பளத்துக்கும் கொடுங்கள், வரியை ஜூனில் பார்த்துக்கொள்ளலாம். நான் பல வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

கீழக்கரை_கணக்கு | ஏப்ரல் 10, காலை 7:05

பாய் சொல்வது வட்டியை மட்டும் பார்த்தால் சரி. ஆனால் தாமதத்துக்கு மூன்று தனித்தனிச் செலவு உண்டு: வட்டி, லேட் ஃபீ, அபராதம். மூன்றும் வெவ்வேறு பிரிவில் வருகின்றன. ஒன்றைக் கட்டியதால் இன்னொன்று தீராது. தம்பியின் இரண்டாவது கேள்விக்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது. லேட் ஃபீ என்பது ரிட்டர்ன் தாமதத்துக்கு, வட்டி என்பது பணத்தின் தாமதத்துக்கு.

தம்பியின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 42,000 ரூபாயை ஏப்ரல் 20-க்குப் பதில் ஜூன் 6-ல் கட்டுகிறார் என்று வையுங்கள். 47 நாள் தாமதம். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 50-ம் பிரிவுப்படி 18 சதவீதத் தனிவட்டி: 42,000 × 18% × 47 ÷ 365. வருவது 973 ரூபாய். இது பெரிய தொகை இல்லை.

அடுத்து 47-ம் பிரிவின் லேட் ஃபீ. நாளுக்கு 50 ரூபாய், மத்திய வரிக்கு 25, மாநில வரிக்கு 25. 47 நாளுக்கு 2,350 வரும். முந்தைய வருட விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருந்தால் ஒரு ரிட்டர்னுக்கு 2,000-தான் உச்சவரம்பு. ஒன்றரையிலிருந்து ஐந்து கோடி வரை 5,000, அதற்கு மேல் 10,000. ஆக 973-ம் 2,000-மும் சேர்ந்து 2,973 ரூபாய்.

இதே 42,000-ஐ மூன்று வட்டிக்கு வாங்கி 20-ம் தேதியே கட்டியிருந்தால் 47 நாளுக்கு சுமார் 1,950 ரூபாய் வட்டி. மூன்று வட்டிகூட மலிவாகப் போகிறது. கூட்டுறவு வங்கியில் நகையை வைத்தால் இன்னும் குறையும். சிறு வியாபாரியைக் கடிப்பது லேட் ஃபீதான். தொகை சிறியதாக இருக்க இருக்க அந்தக் கடி பெரிது.

தொண்டி_கருவாடு | ஏப்ரல் 10, காலை 8:30

கணக்கு சரிதான். என் மாத வரி பெரிய தொகை, அதனால் லேட் ஃபீ எனக்குப் பெரிதாகத் தெரிந்ததில்லை. ஆனால் அபராதம் என்று ஒன்று சொன்னீர்களே, நான் இதுவரை கட்டியதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

கீழக்கரை_கணக்கு | ஏப்ரல் 10, காலை 9:10

கேட்காததற்குக் காரணம் உண்டு. 73-ம் பிரிவில் 11-வது உட்பிரிவு: நீங்களே மதிப்பிட்ட வரியை, அல்லது வாடிக்கையாளரிடம் வசூலித்த வரியை, கெடு தேதியிலிருந்து 30 நாளுக்குள் கட்டாவிட்டால் 10 சதவீதம் அல்லது 10,000 ரூபாய், எது அதிகமோ அது அபராதம். 2024-25 முதலான ஆண்டுகளுக்கு இதே விஷயம் 74ஏ பிரிவில் வருகிறது. 42,000-க்குப் பத்து சதவீதம் 4,200-தான், ஆனால் 10,000 என்ற அடித்தளம் இருப்பதால் சிறியவருக்கு அதுவே விழும்.

2018 டிசம்பர் 31 தேதியிட்ட 76-ம் எண் சுற்றறிக்கை இதில் ஒரு தெளிவு கொடுத்தது. தாமதமாகவேனும் வரியையும் வட்டியையும் கட்டி 3பி (மாத வரியைக் கட்டும் ரிட்டர்ன்) தாக்கல் செய்துவிட்டவருக்கு இந்த 73(11) அபராதம் பொருந்தாது என்றது. 125-ம் பிரிவின் பொது அபராதம் வேண்டுமானால் போடலாம் என்றும் சொன்னது. உங்களைக் காப்பாற்றி வந்தது நோட்டீஸ் வருவதற்கு முன்பே கட்டிவிடும் பழக்கம். நோட்டீஸ் வந்த பிறகும் கட்டாமல் இருந்தால் கதை வேறு.

அப்புறம் பணமாக எழுத முடியாத செலவு. ஒரு மாதத்து 3பி போடாவிட்டால் அடுத்த மாதத்து ஜி.எஸ்.டி.ஆர்-1, அதாவது விற்பனை விவர ரிட்டர்ன், போட முடியாது. உங்களிடம் சரக்கு எடுக்கும் கம்பெனிக்கு அந்த மாத வரி வரவு வராது. அவர்கள் அடுத்த லோடுக்கு வேறு ஆளைப் பார்ப்பார்கள். இரண்டு மாதம் தொடர்ந்து விட்டால், சரக்கை வண்டியில் அனுப்பத் தேவையான ஈ-வே பில் அடைபடும். ஆறு மாதம் போனால் பதிவையே ரத்து செய்யலாம். தொண்டியிலிருந்து சரக்கு வெளியூர் போகிற உங்களுக்கு ஈ-வே பில் நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பழைய_கலால் | ஏப்ரல் 10, மதியம் 2:20

விருதுநகர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மத்திய கலால் (ஜி.எஸ்.டி.க்கு முன்பு உற்பத்திக்குப் போட்ட வரி) கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். சொந்த ஊர் சாயல்குடி. இளைஞர்கள் இதை ஜி.எஸ்.டி.யோடு வந்த கொடுமை என்று நினைக்கிறார்கள். கலாலில் இதைவிட இறுக்கமாக இருந்தது.

சரக்கு ஆலை வாசலைத் தாண்டினாலே வரி விழுந்துவிடும். அது விற்றதா, காசு வந்ததா என்பதெல்லாம் பிறகு. மாதம் முழுக்கப் போன சரக்குக்கு அடுத்த மாதம் 5-ம் தேதிக்குள் கட்ட வேண்டும், இணையவழி என்றால் 6. மார்ச் மாதத்துக்கு மட்டும் அந்த அவகாசமும் கிடையாது, மார்ச் 31-க்குள்ளேயே கட்டியாக வேண்டும். வருடக் கடைசி வாரம் எங்கள் ஆபீஸில் யாரும் வீட்டுக்குப் போனதில்லை.

2002-ம் வருடக் கலால் விதிகளில் 8(3ஏ) என்று ஒன்று இருந்தது. கெடு தாண்டி 30 நாள் ஆகியும் கட்டாமல் இருந்தால், பாக்கி தீரும் வரை ஒவ்வொரு லோடுக்கும் அது கிளம்பும்போதே வரி கட்ட வேண்டும். அதுவும் சென்வாட் வரவை, அதாவது கலால் கால உள்ளீட்டு வரி வரவைத் தொடாமல் முழுக்கப் பணமாக. வரவுக் கணக்கில் லட்சக்கணக்கில் இருந்தாலும் எடுக்க முடியாது. ஏற்கனவே பணமில்லாமல் தவிப்பவனிடம் இன்னும் பணம் கேட்கும் விதி அது. லாரி வாசலில் லோடோடு நிற்கும், முதலாளி வங்கிக்கு ஓடிக்கொண்டிருப்பார். 2014-ல் குஜராத் உயர் நீதிமன்றம் அந்த வரவுத் தடை செல்லாது என்றது, அடுத்த வருடம் சென்னை உயர் நீதிமன்றமும் அதே வழியில் போனது. 2014 ஜூலையில் விதியையே மாற்றி, மாதத்துக்கு 1 சதவீத அபராதம் என்று ஆக்கினார்கள்.

வட்டி 2011 ஏப்ரலிலிருந்து 18 சதவீதம். 2016 ஏப்ரலில் 15 ஆகக் குறைத்தார்கள். ஜி.எஸ்.டி. வந்ததும் மறுபடி 18-க்கு ஏறிவிட்டது. குறைத்ததை ஏன் ஏற்றினார்கள் என்ற மனக்குறை எனக்கு இன்னும் போகவில்லை.

பாம்பன்_லாஞ்சு | ஏப்ரல் 10, மாலை 6:50

படகுக்காரன் பக்கமும் ஒரு வார்த்தை. ஐஸ் பிளாண்டில் பற்று வைப்பது எங்களுக்கு ஆசை இல்லை. டீசல், ஐஸ், ரேஷன், ஆள் பேட்டா எல்லாம் ஏற்றித்தான் கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் வாங்கிப் போகிறோம். திரும்பி வந்தால் இறாலை எடுக்கிற கம்பெனி அன்றைக்கே பணம் தருவதில்லை, வாரம் கழித்துத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். இடையில் படகைப் பிடித்தார்கள் என்று வேலைநிறுத்தம் வந்தால் மொத்தக் கரையும் நின்றுவிடும். எங்களுக்கு வராத காசு, பிளாண்டுக்கு எப்படிப் போகும்?

ஆனால் வரியை நீங்கள் கைக்காசிலிருந்து கட்டுகிறீர்கள் என்று எனக்கு இதைப் படித்த பிறகுதான் தெரிகிறது. நாங்கள் காசு தரும்போதுதான் வரியும் போகும் என்று நினைத்திருந்தேன். அப்படியானால் நாங்கள் காசு கொடுக்கிற அன்றைக்கு பில் போட்டால் என்ன?

கீழக்கரை_கணக்கு | ஏப்ரல் 10, மாலை 7:30

அது முடியாது அண்ணே. சரக்கு பிளாண்டை விட்டுக் கிளம்பும்போதே பில் போட வேண்டும் என்பது சட்டம். கிரஷரில் உடைத்து உங்கள் படகின் பெட்டிக்குள் ஐஸ் விழுந்த அன்றைக்கே வரிப்பொறுப்பு வந்துவிடுகிறது. பில்லைத் தள்ளிப் போட்டாலும், போட்டிருக்க வேண்டிய தேதியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். வராக்கடனாகப் போனாலும் கட்டிய வரி திரும்பாது. இது சிறு வியாபாரிக்கு நியாயமில்லை என்பதுதான் என் கருத்து. வாங்குகிறவர் 180 நாளுக்குள் காசு கொடுக்காவிட்டால் அவர் எடுத்த வரவைத் திருப்பச் சொல்கிறது சட்டம். விற்றவருக்கு அப்படி ஒரு நிவாரணமும் வைக்கவில்லை.

பாம்பன்_லாஞ்சு | ஏப்ரல் 10, இரவு 8:05

சரி, அப்படியானால் இப்படிச் செய்யலாமே. பத்தாயிரம் ரூபாய்க்கு ஐஸ் ஏற்றினால் வரி 500. அந்த 500-ஐ மட்டும் ஏற்றும்போதே கையில் வாங்கிவிடுங்கள், மீதி பற்றில் இருக்கட்டும். ஐந்நூறு ரூபாய் கொடுக்க முடியாத படகு எதுவும் கடலுக்குப் போவதில்லை. காரணத்தைச் சொல்லிக் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். எங்கள் ஆட்களிடம் நானே பேசுகிறேன்.

மண்டபம்_ஐஸ் | ஏப்ரல் 10, இரவு 9:00

அண்ணே, இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஜூனில் படகு கிளம்பும்போதே மாமாவிடம் சொல்லி இதைத் தொடங்கிவிடுகிறோம். ஆனால் இந்த மார்ச் வரிக்கு என்ன செய்வது? போர்ட்டலில் 25,000-ஐ மட்டும் கட்டி 3பி போட முடியுமா?

கீழக்கரை_கணக்கு | ஏப்ரல் 10, இரவு 10:20

முடியாது. முழு வரியும் இருந்தால்தான் 3பி தாக்கல் ஆகும். ஆனால் 25,000-ஐ 20-ம் தேதிக்குள் சலான் போட்டு, போர்ட்டலில் உங்கள் பெயரில் இருக்கும் மின்னணு ரொக்கப் பேரேட்டில் போட்டு வையுங்கள். ரிட்டர்னை ஜூனில் போட்டாலும் அந்த 25,000-க்கு வட்டி கிடையாது.

இது முன்பு பெரிய சண்டையாக இருந்தது. பேரேட்டில் பணம் கிடந்தாலும், ரிட்டர்ன் போட்டுக் கழிக்கும் நாள் வரை வட்டி உண்டு என்று துறை சொன்னது. 2024 ஜனவரியில் ஐஷர் மோட்டார்ஸ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், கெடுவுக்குள் பேரேட்டில் போட்டுவிட்டாலே அரசுக்குப் பணம் போய்ச் சேர்ந்ததாகத்தான் பொருள் என்றது. அந்த வருடம் ஜூலை 10-ல் 88பி விதியிலேயே இதைச் சேர்த்துவிட்டார்கள். ஒரே நிபந்தனை, கெடு தேதியிலிருந்து ரிட்டர்ன் போடும் நாள் வரை அந்தப் பணம் பேரேட்டிலேயே கிடக்க வேண்டும்.

அப்படிச் செய்தால் மீதி 17,000-க்கு மட்டும் 47 நாள் வட்டி, 394 ரூபாய். லேட் ஃபீ 2,000 அப்படியே நிற்கும். ஆனால் என் யோசனை அதுவல்ல. அந்த 17,000-ஐ எங்கேயாவது புரட்டி 20-ம் தேதியே தாக்கல் செய்துவிடுங்கள். மூன்று வட்டி என்றாலும் 47 நாளுக்கு 790 ரூபாய்க்குள் முடிந்துவிடும். 2,394-க்கு முன்னால் அது எவ்வளவோ தேவலை. ஈ-வே பில், ஜி.எஸ்.டி.ஆர்-1 தொல்லையும் இல்லை.

இன்னொன்று. மே மாதம் முழுக்கத் தடைக்காலம், வியாபாரம் இருக்காது, அதனால் ரிட்டர்ன் வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு பார் ஐஸ்கூட விற்காத மாதத்துக்கும் நில் ரிட்டர்ன் உண்டு. போடாவிட்டால் நாளுக்கு 20 ரூபாய், 500 வரை. எஸ்.எம்.எஸ். மூலமாகவே போடலாம். கடற்கரையில் பலருக்கு முதல் லேட் ஃபீ விழுவதே இந்த மாதத்தில்தான்.

தேவிபட்டினம்_நண்டு | ஏப்ரல் 11, காலை 6:40

அண்ணா, நான் நண்டு உடைக்கும் ஷெட் நடத்துகிறேன். ஐஸ் பிளாண்டுக்கு வரவே வராது என்றால் அந்தத் தம்பி காம்போசிஷன் என்ற சிறு வியாபாரிகளுக்கான வரித் திட்டத்தில் போகலாமே? என் தங்கை வீட்டுக்காரர் கடைக்கு அப்படித்தான் இருக்கிறது.

கீழக்கரை_கணக்கு | ஏப்ரல் 11, காலை 7:45

நல்ல கேள்வி அக்கா. ஒன்றரைக் கோடிக்குள் விற்றுமுதல் உள்ள உற்பத்தியாளருக்கு காம்போசிஷனில் விற்றுமுதலில் 1 சதவீதம்தான் வரி. ஐஸ்கிரீமுக்கு அந்தத் திட்டம் கிடையாது, மீனுக்குப் போடும் ஐஸுக்குத் தடை இல்லை. 9 லட்சத்துக்கு 9,000 ரூபாய், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கட்டினால் போதும். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பதிவு இல்லாத படகுக்காரர்கள், வரவு கேட்க மாட்டார்கள். கணக்குப்படி ஐஸ் பிளாண்டுக்குப் பொருந்துகிற திட்டம்.

ஆனால் அந்த 1 சதவீதத்தை வாடிக்கையாளரிடம் வாங்கக் கூடாது, கைக்காசு. வெளிமாநில விற்பனை கூடாது. இறால் கம்பெனிகளுக்கும் ஐஸ் கொடுப்பவராக இருந்தால் அவர்கள் வரவு இல்லாத பில்லை ஏற்க யோசிப்பார்கள். அண்மையில் புதுக் கம்ப்ரஸர் வாங்கி 18 சதவீத வரவு எடுத்திருந்தால் அதில் மிச்சத்தைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். மார்ச் 31-க்குள் விருப்பம் தெரிவித்திருக்க வேண்டும், இந்த வருடத்துக்குக் கெடு போய்விட்டது. தம்பி அடுத்த மார்ச்சுக்கு இப்போதே குறித்து வைக்கலாம். காம்போசிஷனிலும் தாமதத்துக்கு அதே 18 சதவீத வட்டிதான் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மண்டபம்_ஐஸ் | ஏப்ரல் 11, காலை 9:30

குறித்துக்கொண்டேன். பழைய நோட்டீஸை நேற்று இரவு உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் மொத்த வரிக்கும் வட்டி போட்டிருக்கிறார்கள். அந்த வருடம் கண்டன்ஸர் மாற்றியதில் வரவு நிறைய இருந்தது. சில மாதம் பாதி வரியை வரவிலிருந்துதான் கழித்தோம்.

கீழக்கரை_கணக்கு | ஏப்ரல் 11, காலை 10:15

அப்படியானால் கட்டுவதற்கு முன் பதில் எழுதுங்கள். வட்டி, பணமாகக் கட்டிய பகுதிக்கு மட்டும்தான். ரெஃபெக்ஸ் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஜனவரியில் இதைச் சொன்னது. பிறகு 2021 நிதிச் சட்டம் 50-ம் பிரிவைத் திருத்தி, 2017 ஜூலை 1 முதலே முன்தேதியிட்டுப் பொருந்தும் என்று ஆக்கிவிட்டது. ஒரு விதிவிலக்கு உண்டு: வரி பாக்கிக்கு நோட்டீஸ் அனுப்பும் 73 அல்லது 74-ம் பிரிவின் கீழ் நடவடிக்கை தொடங்கிய பிறகு போட்ட ரிட்டர்னாக இருந்தால் மொத்தத்துக்கும் வட்டி. நீங்கள் அதற்கு முன்பே தாமதமாகத் தாக்கல் செய்துவிட்டதால் உங்களுக்கு அது வராது.

மாதவாரியாக ஒரு தாள் போடுங்கள்: கெடு தேதி, தாக்கல் தேதி, தாமத நாள், பணமாகக் கட்டியது, அதற்கு வட்டி. ரொக்கப் பேரேட்டை போர்ட்டலில் இறக்கி இணைத்துவிடுங்கள். ஒத்துக்கொள்ளும் தொகையை டி.ஆர்.சி-03 படிவத்தில் கட்டி, அந்த எண்ணைப் பதிலில் குறிப்பிடுங்கள். பதில் தராமல் விட்டால் அவர்கள் போட்ட தொகையே உத்தரவாகிவிடும், அபராதமும் சேரலாம். நோட்டீஸில் கொடுத்திருக்கும் நாள் கணக்கு முக்கியம்.

பழைய_கலால் | ஏப்ரல் 11, மதியம் 12:40

பதிலை போர்ட்டலிலும் ஏற்று, நகலை நேரிலும் கொடுத்து முத்திரை வாங்கி வையுங்கள் தம்பி. அதிகாரியிடம் நேரில் பேச வாய்ப்புக் கேட்கும் கட்டத்தில் ஆம் என்று குறியிடுங்கள். நான் பார்த்த கலால் வழக்குகளில் பாதி, கணக்குத் தாளை எடுத்துப்போய் எதிரில் உட்கார்ந்து காட்டியபோதே தீர்ந்தவை.

மண்டபம்_ஐஸ் | ஏப்ரல் 12, இரவு 8:20

மாமாவிடம் பேசிவிட்டேன். அத்தையின் வளையலை வைத்து 17,000 புரட்டிக்கொள்ளலாம் என்றார்கள். 25,000-ஐ நாளைக்கே சலான் போடுகிறேன். அதில் ஏதாவது கவனிக்க வேண்டியது இருக்கிறதா?

கீழக்கரை_கணக்கு | ஏப்ரல் 12, இரவு 8:55

மூன்று விஷயம். உள்மாநில விற்பனை என்பதால் மத்திய வரியில் 12,500, மாநில வரியில் 12,500 என்று சரிபாதியாகப் பிரியுங்கள். இரண்டிலும் ‘வரி’ என்ற கட்டத்தில்தான் போட வேண்டும். ‘வட்டி’ அல்லது ‘கட்டணம்’ கட்டத்தில் போய்விட்டால் அந்தப் பணத்தை வரிக்கு எடுக்க முடியாது, பி.எம்.டி-09 படிவம் போட்டு மாற்ற வேண்டிவரும். அப்புறம் நெஃப்ட் என்றால் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய நாளைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், பேரேட்டில் வரவு விழுந்த நாள்தான் கணக்கு. சலான் எண் 15 நாள் செல்லும், அதனால் மீதி 17,000-க்கும் இப்போதே சலான் உருவாக்கி வைத்துவிடலாம்.

மண்டபம்_ஐஸ் | ஏப்ரல் 13, காலை 11:10

25,000 பேரேட்டில் ஏறிவிட்டது, இரண்டு பக்கமும் 12,500. 17,000-க்குச் சலான் எடுத்து வைத்துவிட்டேன். நோட்டீஸுக்கான மாதவாரித் தாளை இன்று ராத்திரி முடித்து இங்கே போடுகிறேன். தாமத நாள் எண்ணிக்கையை மட்டும் யாராவது ஒரு தடவை சரிபார்த்துச் சொல்லுங்கள்.